பத்தரை மணியைத் தாண்டிய சந்தை: எட்டு வார வேலைக் குறிப்பு

எங்கள் குடியிருப்பின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை காலை ஏழு மணிக்குத் தொடங்கி மதியம் பன்னிரண்டு வரை நடக்க வேண்டும் என்றுதான் பேசி வைத்திருந்தோம். வண்டி நிறுத்தும் காலி இடத்தில் பதினான்கு மேசைகள். எட்டில் சுற்றுவட்டத் தோட்டக்காரர்களின் காய், கீரை, பழம். மீதி ஆறில் கைத்தொழில் செய்பவர்கள்: பானை, கூடை, சோப்பு, மரச்சாமான், தையல், தேன்மெழுகு விளக்கு.

முதல் மூன்று வாரமும் பத்தரைக்கே சந்தை முடிந்துபோனது. யாரும் முடிக்கச் சொல்லவில்லை. ஆட்கள் வருவது நின்றுவிட்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூன்றாம் வாரம் பதினொன்றரைக்குக் கீரைக்கார அம்மா துவண்டுபோன கட்டுகளைக் கூடையில் அள்ளிப் போட்டார். விடிவதற்கு முன்னே எழுந்து அறுத்துக் கட்டிக் கொண்டுவந்த கீரை. முகத்தில் கோபம்கூட இல்லை. "வெயில்ல என்ன பண்றது தம்பி" என்றார். அன்று சாயந்திரம் ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் 'பத்தரைக்கு என்ன நடக்கிறது?' என்று எழுதினேன். கூடாரம், மேசை, தண்ணீர் எல்லாம் என் பொறுப்பு. ஆகவே கேள்வியும் எனக்கானதுதான். கீழே இருப்பது அந்த நோட்டில் உள்ளவை.

நிழல் எங்கே விழுகிறது

நான்காம் வாரம் எதையும் மாற்றவில்லை. ஒரு சாக்கட்டியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மணிக்கும் கூடாரங்களின் நிழல் விழும் இடத்தைத் தரையில் கோடு போட்டேன். பிள்ளைகள் இரண்டு பேர் கூடவே வந்து கோட்டுக்குப் பக்கத்தில் மணியை எழுதினார்கள்.

பார்த்ததும் புரிந்துவிட்டது. காலையில் சூரியன் கிழக்கே தாழ்ந்து நிற்கிறது. கூரையின் ஓரம் 2 மீட்டர் உயரம். சூரியன் 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது அந்த ஓரத்தின் நிழல் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் தள்ளி மேற்கே விழும். கூடாரத்தின் அகலமே 3 மீட்டர்தான். ஆக, கூடாரம் இருந்தும் அதன் நிழல் முழுதும் கூடாரத்துக்கு வெளியேதான் கிடந்தது. 45 டிகிரிக்கு ஏறும்போது 2 மீட்டர் தள்ளி விழும். உச்சிக்கு நெருங்கும்போதுதான் கூரைக்கு நேர் கீழே நிழல் வரும். நாங்களோ மேசைகளையெல்லாம் கிழக்கு பார்த்துப் போட்டிருந்தோம். வாங்க வருபவர் முதுகில் முழு வெயில், காய்களின் மேலும் வெயில். மேற்கே விழுந்த அருமையான நிழலில் காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தோம்.

காலைச் சந்தை என்றால் மேசையின் முகம் மேற்கு பார்த்திருக்க வேண்டும். இதை எந்த ஊரில் சந்தை போடுபவரும் எழுதி வைத்துக்கொள்ளலாம். வாங்குபவர்கள் கூடாரத்தின் மேற்கே, அதன் நிழலில் நிற்பார்கள். கிழக்குப் பக்கம் ஒரு படுதா தொங்கினால் மேசையும் விற்பவரும் அதன் நிழலில் இருப்பார்கள். சாயந்திரச் சந்தைக்கு இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும்.

படுதாவுக்கு முதலில் கைவசம் இருந்த நீலத் தார்ப்பாயைக் கட்டிப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் அவிழ்த்தேன். வெயில் அதன் வழியாக வடிந்து மேசை முழுக்க நீலம் பூசியது. பச்சைக் கீரை கருத்துப்போனதாகத் தெரிந்தது, தக்காளி அழுகல் நிறத்தில் இருந்தது. காய்க்கு மேலே வெள்ளைத் துணி தவிர வேறு நிறமே கூடாது. கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணி வாங்கினோம். தையல் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைத்துத் தருவதாகச் சொன்னார். "இங்கேயே தைங்க அக்கா, மிஷின் இருக்கே" என்றேன். சந்தை நடக்கும்போதே தைத்தார். அவரைச் சுற்றி நின்ற கூட்டத்தை வைத்து ஒன்று தெரிந்துகொண்டேன்: செய்து வைத்த பொருளைவிடச் செய்துகொண்டிருக்கும் கை ஆளை நிறுத்துகிறது. அன்றிலிருந்து சந்தைக்கான எந்தப் பழுதுவேலையையும் சந்தையிலேயே, ஆட்கள் பார்க்கும் இடத்திலேயே செய்வது என்று வைத்துக்கொண்டோம்.

கூடாரம் பறந்த நாள்

ஐந்தாம் வாரம் காலை ஒன்பது மணி. படுதா கட்டிய முதல் நாள். எல்லாருக்கும் சந்தோஷம். மேற்கிலிருந்து ஒரே ஒரு வீச்சுக் காற்று வந்தது. கடைசியில் நின்ற கூடாரம் நான்கு கால்களையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு எழும்பி, பக்கத்து மேசையின் மேல் சாய்ந்து விழுந்தது. அந்த மேசைக்குப் பின்னால் ஒரு சிறுவன் உட்கார்ந்திருந்தான். கூடாரத்தின் கால் அவன் தோளிலிருந்து ஒரு முழம் தள்ளி விழுந்தது. அந்த ஒரு முழத்தை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

காரணம் நான் கட்டிய படுதாதான். திறந்த மேற்குப் பக்கமாக உள்ளே புகுந்த காற்றுக்குக் கிழக்கே வெளியேற வழி இல்லை. கூடாரம் படகின் பாய் போல ஆகிவிட்டது. கால்களில் கட்டியிருந்தவை ஐந்து லிட்டர் தண்ணீர் கேன்கள், காலுக்கு 5 கிலோ.

கணக்கு போட்டுப் பார்த்தேன். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் சுமார் 6 கிலோ பாரம் தள்ளுவதற்குச் சமம். 3 மீட்டருக்கு 3 மீட்டர் கூரை என்றால் 9 சதுர மீட்டர். முழுப் பரப்பையும் அடியிலிருந்து தூக்கினால் 55 கிலோ. வேகம் இரட்டித்தால் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு: 220 கிலோ. கூடாரத்தின் சொந்த எடை 22 கிலோ, கேன்கள் 20 கிலோ. பறக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

முதலில், உடைந்ததைச் சரிசெய்த விதம். கூரையைத் தாங்கும் சட்டங்கள் கத்தரிக்கோல் போல மடிபவை. மெல்லிய இரும்புக் குழாயை நீள்சதுரமாகத் தட்டிச் செய்தவை. இரண்டு சட்டங்கள் குறுக்கே சந்திக்கும் இடத்தில் போல்ட்டுக்காக ஓட்டை இருக்கும். குழாயிலேயே பலவீனமான இடம் அதுதான். சரியாக அங்கேதான் மடங்கியிருந்தது. மடங்கின மெல்லிய குழாயைத் தட்டி நிமிர்த்தினால் மட்டும் போதாது, அடுத்த முறை அதே இடத்தில் இன்னும் சுலபமாக மடங்கும்.

தச்சர் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். குழாயை இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) கொடுத்து மெதுவாக நெரித்து நிமிர்த்தினோம். ஓரத்து பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, உள்ளளவுக்குக் கச்சிதமாக இழைத்த 20 சென்டிமீட்டர் வைரமரத் துண்டுக்கு எப்பாக்ஸி பூசி உள்ளே அடித்து இறக்கினோம். ஓட்டைக்கு இரண்டு பக்கமும் 10 சென்டிமீட்டர் வரும்படி வெளியே பென்சிலால் அடையாளம் போட்டுக்கொண்டு, ஒரு இரும்புக் கம்பியால் தட்டித் தட்டிச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் பசை இறுகிய பிறகு பழைய ஓட்டை வழியாகவே 6 மி.மீ. பிட் போட்டு மரத்தையும் துளைத்தோம். இப்போது போல்ட்டை முறுக்கினாலும் குழாய் நசுங்காது, உள்ளே மரம் தாங்குகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஒரு தட்டைக் கம்பியை இரண்டு 5 மி.மீ. போல்ட்டால் வைத்துக் கட்டினோம். உள்பக்கம் வைத்தால் மற்றச் சட்டம் உரசி மடியாது. இரண்டு சட்டங்களுக்கும் நடுவே நைலான் வாஷர், கடைசியில் நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ளது, தானாகக் கழலாது). நட்டை இறுகும்வரை முறுக்கிவிட்டுப் பிறகு அரைச் சுற்று தளர்த்த வேண்டும். இந்த அரைச் சுற்று முக்கியம். இறுக்கமாக விட்டால் மடக்கும்போது ஆட்கள் பலம் கொடுத்து இழுப்பார்கள், சட்டம் மறுபடியும் ஓட்டையில்தான் மடங்கும்.

அடுத்தது பாரம். 110 மி.மீ. பிவிசி குழாயை 90 சென்டிமீட்டர் துண்டுகளாக அறுத்து, அடியில் மூடி போட்டு, கான்கிரீட் நிரப்பினோம். சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, சிறு ஜல்லி நான்கு. ஊற்றிய கையோடு, நுனியை வளைத்த கொக்கி போல்ட் ஒன்றை மேல் பக்கம் ஆழமாகச் செருகினோம். வளைக்காமல் நேராகச் செருகினால் நாளடைவில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மேலே ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் விட்டோம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 17 கிலோ வந்தது. நான்கு கால்களுக்கு 68 கிலோ.

பாரத்தைக் காலின் பாதத்தில் வைத்துவிட்டு வந்துவிடக் கூடாது. இந்தக் கால்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைபவை. பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் கூரை மேலே உருவிக்கொண்டு போகும். கயிற்றைக் கூரைச் சட்டத்தின் மூலையில் கட்டி, பாரத்தை அதிலிருந்து தொங்கவிட வேண்டும். அடிப்பகுதியை மட்டும் ஒரு பட்டையால் காலோடு சேர்த்துக் கட்டினால், பாரம் ஊசலாடிப் பிள்ளைகளின் காலில் இடிக்காது.

படுதாவை மேலேயும் கீழேயும் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தைக்கச் சொன்னோம். கயிறு முடிச்சுக்குப் பதிலாக ஒட்டுப் பட்டை. பலமாக இழுத்தால் படுதா தானே பிய்த்துக்கொண்டு விடுபடும், கூடாரத்தை இழுக்காது. எப்போது கழற்றுவது என்பதற்கு 1805-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் தொடங்கிவைத்த காற்று அளவுகோலையே எடுத்துக்கொண்டோம், கருவி எதுவும் வேண்டாம் என்பதால். தூசியும் காகிதமும் எழும்பி, சிறு கிளைகள் அசைந்தால் அது 4-ஆம் எண், மணிக்கு 20 முதல் 28 கி.மீ. உடனே படுதாக்களைக் கழற்ற வேண்டும். இலையுள்ள சிறு மரங்கள் மொத்தமாக ஆடத் தொடங்கினால் 5-ஆம் எண், 29 முதல் 38 கி.மீ. கூரைகளை இறக்கி மடக்க வேண்டும், வியாபாரம் எப்படி நடந்துகொண்டிருந்தாலும் சரி. இதில் நான் யார் பேச்சையும் கேட்பதில்லை.

கீரை

நிழல் வந்த பிறகும் கீரை துவண்டது, முன்பைவிட ஒரு மணி நேரம் தாமதமாக. இந்த இடத்தில்தான் எனக்கு அதிகம் கற்க வேண்டியிருந்தது.

அறுத்த பிறகும் கீரை உயிரோடுதான் இருக்கிறது, மூச்சு விடுகிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்த மூச்சின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். கூடவே இலையிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். எடையில் 5 சதவீதம் அளவு நீர் போனாலே இலை தளர்ந்துவிடும். நூறு கிராம் கட்டு ஒன்றில் ஐந்து கிராம், ஒரு தேக்கரண்டித் தண்ணீர். அந்தத் தேக்கரண்டியைத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

கீரைக்கார அம்மா கையால் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். அது நல்லதுதான், ஆனால் கட்டுக்குள் தேங்கிய தண்ணீரில் நடு இலைகள் வழவழத்துப்போயின. தெளிக்கும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வாளியில் கிடக்கும் ஏதோ ஒரு தண்ணீரைத் தெளித்தால் அதில் உள்ளதெல்லாம் பச்சையாகத் தின்னும் இலையின் மேல் போய் உட்காரும்.

பானை செய்பவர் ஒரு முறையைச் செய்துகாட்டினார். பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவே மணல், மணலில் தண்ணீர், மேலே ஈரத்துணி. வெளிப்பானையின் நுண்துளைகள் வழியாக நீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளே குளிரும். பளபளப்புப் பூசாத, வண்ணம் அடிக்காத பானையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துளைகள் அடைபட்டுவிடும். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1990-களில் மின்சாரம் இல்லாத கிராமங்களுக்கு இதைப் பரவலாகக் கொண்டுசேர்த்து, அதற்காக 2000-இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். அவரும் பானை செய்யும் குடும்பத்தில் வந்தவர். இதைச் சொன்னபோது எங்கள் பானைக்காரர் கையில் இருந்த பானையை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார்.

சோதித்தோம். வெளியே 34 டிகிரி இருந்த நாளில் மூன்று மணி நேரம் கழித்துப் பானைக்குள் 25. கீரை காலையில் வைத்தபடியே நின்றது. ஆனால் ஒரு பானையில் நான்கைந்து கட்டுகள்தான் பிடிக்கும். ஈர மணலோடு அதைத் தூக்கி வைக்க இரண்டு ஆள் வேண்டும். வீட்டுக்கு அருமை, சந்தை மேசைக்குச் சரிவராது. (பார்த்தவர்கள் வீட்டுக்குக் கேட்க ஆரம்பித்து, பானைக்காரருக்கு அடுத்த மூன்று வாரத்துக்கும் சேர்த்து வேலை கிடைத்தது.)

அதே தத்துவத்தில் ஒரு பெட்டி செய்தோம். 90 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம், வெறும் மரச்சட்டம். உள்ளே வலைத் தட்டு இரண்டு. நான்கு பக்கமும் ஒற்றைச் சணல் சாக்கு. மேலே சுற்றி ஓடும் மெல்லிய குழாயில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு 1 மி.மீ. ஓட்டை. குழாய்க்குப் பத்து லிட்டர் கேனிலிருந்து தண்ணீர், நடுவில் ஒரு திருகு. சொட்டுச் சொட்டாகச் சாக்கு நனைந்துகொண்டே இருக்கும். அடியில் தட்டு, வழிந்தது திரும்பக் கேனுக்கு. சுண்டிப்போகும் தண்ணீர் ஐந்து மணி நேரத்துக்கு நான்கு லிட்டர்தான். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது உறிஞ்சிக்கொள்ளும் வெப்பம், 100 கிலோ காயைச் சுமார் 6 டிகிரி இறக்கப் போதுமானது. ஆனால் அதில் பெரும்பங்கு சுற்றிலும் வரும் சூட்டை எதிர்ப்பதற்கே செலவாகும்.

முதல் நாள் பெட்டி வேலையே செய்யவில்லை. வெளியே 33, உள்ளே 31. சாக்கு நன்றாக நனைந்துதான் இருந்தது. அரை மணி நேரம் குழாயையும் திருகையும் குடைந்துகொண்டிருந்த பிறகுதான் கூடை முடையும் பாட்டி சொன்னார்: "காத்து படாத எடத்துல ஈரத்துணி காயுமா?" பெட்டியைப் படுதாவுக்கு ஒட்டி, மூலையில், அடைப்பாக வைத்திருந்தோம். ஆவியாக வேண்டுமென்றால் காற்று அதைத் தடவிக்கொண்டு போக வேண்டும். நிழல் உண்டு, காற்றும் உண்டு என்ற இடமாகப் பார்த்து ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தோம். நாற்பது நிமிடத்தில் 26-க்கு இறங்கியது.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வந்த ஞாயிறு இன்னொரு பாடம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் சாக்கிலிருந்து நீர் எங்கே போகும்? 31 டிகிரியில் உள்ளே 29 வந்தது, அதற்கு மேல் இறங்கவில்லை. இது பழுது இல்லை, இயற்கையின் எல்லை. அந்த மாதிரி நாட்களுக்கு வேறு ஏற்பாடு வைத்தோம்: பாதிக் கீரையை அறுக்காமல் வேரோடு பிடுங்கி, வேரை ஈரத்துணியில் சுற்றி, இரண்டு விரற்கடைத் தண்ணீரில் நிறுத்திக் கொண்டுவருவது. வேர் உள்ள கீரை மதியம் வரை நிமிர்ந்து நின்றது.

தக்காளியையும் பழுத்த பழங்களையும் இந்தப் பெட்டியில் வைக்க வேண்டாம். பழுக்கும்போது அவை விடும் எத்திலீன் வாயு பக்கத்தில் உள்ள கீரையையும் வெள்ளரிக்காயையும் மஞ்சளாக்கும். சாக்கை வாராவாரம் துவைத்து முழு வெயிலில் காயப்போட வேண்டும். ஒரு வாரம் விட்டோம், பூஞ்சை வாடை வந்தது, அந்தச் சாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டினோம்.

தராசு

ஆறாம் வாரம் ஒரு பெரியவர், காலையில் வாங்கிய ஒரு கிலோ தக்காளியைத் திரும்பக் கொண்டுவந்தார். வீட்டுத் தராசில் 920 கிராம்தான் காட்டுகிறதாம். சத்தம் போடவில்லை. பையை மேசையில் வைத்துவிட்டு நின்றார். தக்காளி விற்ற அண்ணனின் முகம் செத்துப்போனது. இருபது வருஷமாக நிலத்தில் உழைக்கிற மனிதர், ஒரு கிராம் ஏமாற்ற மாட்டார். ஆனால் அதை யாரிடம் சொல்லி நிரூபிப்பது?

தராசைப் பார்த்தேன். எலெக்ட்ரானிக் தராசு, மட்டம் காட்டும் குமிழி நடுவில் இருந்தது, சோதனை எடைக்கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்தேன், எல்லா இடத்திலும் ஒரே எடை. தராசில் குறை இல்லை. பிறகு அவர் நிறுக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். காலையில் பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்து அதன் எடையைக் கழித்து வைத்திருக்கிறார், 150 கிராம். நடுவில் அது விரிசல் விட்டதும் பக்கத்து மேசை எவர்சில்வர் கிண்ணத்தை வாங்கி வைத்திருக்கிறார். அது 230 கிராம். தராசு இன்னும் 150-ஐத்தான் கழிக்கிறது. ஒவ்வொரு நிறுவைக்கும் 80 கிராம் குறைவு.

அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெரியவருக்கு இரண்டு கை நிறையத் தக்காளி அள்ளிப் போட்டார். பிறகு, கிண்ணம் மாறிய பிறகு வாங்கியவர்களில் முகம் ஞாபகம் இருந்தவர்களையெல்லாம் அடுத்த வாரம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

இப்போது எல்லாத் தராசுக்கும் கிண்ணத்தின் அடியில் அதன் எடையைப் பெயின்ட்டில் எழுதியிருக்கிறோம். வெறும் கிண்ணம் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும், அதை வாங்குபவர் பார்க்கும்படி தராசின் முகத்தைத் திருப்பி வைக்கிறோம். நுழைவிடத்தில், முத்திரை பெற்ற ஒரு பொதுத் தராசை, சோதனை எடைக்கல்லோடு வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் நிறுத்துப் பார்க்கலாம். முதல் வாரம் பலர் நிறுத்தார்கள். அடுத்த வாரம் பிள்ளைகள் மட்டும்தான், அதுவும் தங்கள் செருப்பை.

காய் வண்டிகள்

பத்தரை மணிக்குக் குடும்பங்கள் கிளம்புவதற்கு வெயில் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் பிள்ளைகள். அவர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை, "போலாம், போலாம்" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். ஆகவே ஏழாம் வாரம், சரியாகப் பத்தரைக்குக் காய் வண்டிப் பந்தயம் வைத்தோம். நேரத்தை வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன்.

விற்க முடியாத கோணல் வெள்ளரிக்காய்களும் முற்றிப்போன காய்களும்தான் வண்டிகள். பந்தயம் முடிந்ததும் எல்லாம் எருக்குழிக்குப் போய்விடும். நல்ல காயை இதற்குத் தொடக் கூடாது என்பதில் தோட்டக்காரர்கள் எல்லாரும் உறுதியாக இருந்தார்கள், எனக்கும் அதே எண்ணம்தான். பாதை ஒரு 2.4 மீட்டர் பிளைவுட் பலகை. ஒரு முனையை 60 சென்டிமீட்டர் தூக்கினால் சரிவு சுமார் 14 டிகிரி வரும். பலகையின் இரு ஓரத்திலும் நடுவிலும் 2 சென்டிமீட்டர் உயரப் பட்டிகள், ஆக இரண்டு பாதைகள். அடியில் வைக்கோல் நிரப்பிய சாக்கு.

அச்சுக்கு மூங்கில் குச்சி. கூர்முனைகளை முன்கூட்டியே நறுக்கிவிட்டேன். சக்கரத்துக்கு முதலில் வட்டமாக வெட்டிய கேரட் வில்லைகள் கொடுத்தோம். அழகாக இருந்தன, ஆனால் ஓட்டை கொஞ்சம் நடுவிலிருந்து விலகினாலும் வண்டி நொண்டியது. பாட்டில் மூடிகளில் நான் வீட்டிலேயே சூட்டு ஆணியால் நடுவில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தவை நன்றாக ஓடின. குச்சியை நேரடியாகக் காய்க்குள் செருகினால் ஈரம் பிடித்துக்கொண்டு சுற்றாது. ஒரு ஸ்ட்ராவைக் காய்க்குள் செருகி, அதற்குள் குச்சியை விட்டால் வழுக்கிக்கொண்டு சுற்றும். இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டோம். முதல் சுற்றில் சக்கரம் சுற்றாமல் சறுக்கி வந்த வண்டிகளைப் பார்த்து, ஸ்ட்ராவை எதற்கு வைத்திருக்கிறோம் என்று அவர்களே கேட்டார்கள்.

ஒரு சிறுமியின் வண்டி மட்டும் ஒவ்வொரு முறையும் இடது பட்டியில் போய் உரசி நின்றது. "மாமா, இது ஏன் அந்தப் பக்கமே போகுது?" என்றாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பின்னாலிருந்து பார்த்தாள். முன் குச்சியும் பின் குச்சியும் ஒன்றுக்கொன்று சமமாக இல்லை. பின் குச்சியை உருவி, பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று குத்தினாள். மறுபடி பார்த்தாள், மறுபடி உருவினாள். நான்காம் முறை வண்டி நடுவில் நேராக ஓடி வைக்கோல் சாக்கில் முட்டியது. அவளுடைய அப்பா படுதா நிழலில் முழு அரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார், கையில் கீரைக்கட்டு இரண்டு, கூடைக்காரப் பாட்டியிடம் வாங்கின ஒரு முறம்.

எட்டாம் வாரம், பன்னிரண்டு மணி. படுதாக்களைக் கழற்றத் தொடங்கியபோது சாக்குப் பெட்டியின் மேல் தட்டில் மூன்று கட்டுகள் மீதி இருந்தன. கீரைக்கார அம்மா ஒன்றை எடுத்து உதறிப் பார்த்தார். இலைகள் விறைப்பாக நின்றன. "இத நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன் தம்பி, இன்னைக்குச் சமைக்கலாம்" என்றார்.

நோட்டில் மீதி இருக்கும் வேலைகள்: சொட்டுக் குழாயில் ஆறு ஓட்டைகள் உப்புப் படிந்து அடைத்திருக்கின்றன, வினிகரில் ஊற வைத்துக் குத்த வேண்டும். பிளைவுட்டின் கீழ் முனை ஈரம் ஏறிப் பிரியத் தொடங்கியிருக்கிறது, அதற்கு வார்னிஷ். மூன்றாம் கூடாரத்தின் ஒரு கயிறு நைந்திருக்கிறது. அதை மட்டும் இன்று ராத்திரியே மாற்றிவிடுவேன்.